முன் அனுபவம்: ஒரு மெஸ், ஒரு தையல் கடை, ஒரு பஸ் ஸ்டாண்ட்

சிவகாசியில் 11 வருஷம் டி.டி.பி. ஆபரேட்டராக இருந்தவள் நான். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று நான் வடிவமைக்காத விசேஷம் கிடையாது. வாட்ஸ்அப்பிலேயே பத்திரிகை அனுப்பும் வழக்கம் வந்ததும், அச்சகத்தில் எனக்கு வேலை வாரத்துக்கு மூன்று நாள் என்று சுருங்கியது. மகள் அப்போது பிளஸ் டூ. அடுத்த வருஷம் காலேஜ் ஃபீஸ் கட்டியாக வேண்டும். 37 வயதில் வெப் டிசைன் படிக்க உட்கார்ந்தேன்.

படிப்புக்குச் செலவே இல்லை. ஃப்ரீகோட்கேம்ப் தளத்தில் பாடங்கள் இலவசம். தம்பியின் பழைய லேப்டாப் இருந்தது. ராத்திரி பாத்திரம் தேய்த்து முடித்துவிட்டு பத்து மணிக்கு உட்கார்ந்தால் பன்னிரண்டு வரை. ஏழெட்டு மாதத்தில் ஹெச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ். கைக்கு வந்துவிட்டது. கஷ்டம் அதற்குப் பிறகுதான். விண்ணப்பித்த இடத்திலெல்லாம் ஒரே கேள்வி: "இந்த ஃபீல்டுல எத்தனை வருஷ எக்ஸ்பீரியன்ஸ்?" ஒருவர் மட்டும், "போர்ட்ஃபோலியோ இருந்தா அனுப்புங்க மேடம்" என்றார்.

கல்யாண வீட்டுக்கு போட்டோகிராபர் எடுத்து வருவாரே சாம்பிள் ஆல்பம், அதுதான் போர்ட்ஃபோலியோ. ஆல்பம் இருந்தால்தான் வேலை. வேலை கிடைத்தால்தானே ஆல்பம்? நிறையப் பேர் யூடியூப் பார்த்து, நெட்ஃபிளிக்ஸ் போலவே ஒரு பக்கம், அமேசான் போலவே ஒரு பக்கம் செய்து வைக்கிறார்கள். பழகுவதற்கு நல்லதுதான். ஆனால், பார்க்கிறவருக்கு நெட்ஃபிளிக்ஸ்காரர்கள் யோசித்தது தெரியுமே தவிர, நாம் என்ன யோசித்தோம் என்பது தெரியாது.

அதனால் எங்கள் தெருமுனை மெஸ்ஸுக்குப் போனேன். "அக்கா, உங்க மெஸ்ஸுக்கு ஒரு வெப்சைட் செஞ்சு தர்றேன். காசு வேண்டாம்." அக்கா சாம்பார் வாளியைக் கீழே வைக்காமலே, "எனக்கு எதுக்கு தாயி அதெல்லாம்?" என்றார். ஆனால் காலையிலிருந்து, "இன்னைக்கு என்ன குழம்பு?" என்று கேட்டு எத்தனை போன் வருகிறது என்பதை நானே பார்த்திருக்கிறேன். அதைச் சொன்னதும் சம்மதித்தார்.

விலைப்பட்டியல் பழைய பாமினி எழுத்துருவில் அடித்து வைத்திருந்தது. அதை அப்படியே வெப் பக்கத்தில் ஒட்டினால், அந்த எழுத்துரு இல்லாத போனில் வெறும் ஆங்கில எழுத்துக்களாகக் குப்பை கொட்டியது போல இருக்கும். எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றினேன். ஆங்கிலத்துக்கு வைக்கிற வரி இடைவெளி தமிழுக்குப் போதாது, மேல் வரியின் 'கூ' கீழ் வரியின் 'கி'யோடு முட்டிக்கொள்ளும் என்பதும் அச்சகம் கற்றுக் கொடுத்த பாடம்தான். சாப்பாட்டுப் படங்கள் ஒவ்வொன்றும் 4 எம்.பி. இருந்தன. 100 கே.பி.க்குள் சுருக்கினேன். தொட்டால் கால் போகிற மாதிரி போன் பட்டனைக் கட்டைவிரலுக்கு எட்டுகிற இடத்தில், திரைக்கு அடியில் வைத்தேன்.

பிரச்னை வேறொரு இடத்தில் வந்தது. மெஸ்ஸுக்கு அண்ணனின் பெயர்தான். அவர் தவறி ஆறு வருஷமாகிறது. மாலை போட்ட அவர் படம்தான் பக்கத்தின் உச்சியில் பெரிதாக வர வேண்டும் என்றார் அக்கா. நான் எப்படி மறுப்பேன்? அவர் சொன்னபடியே வைத்தேன். மறுநாள் மதியம் சாப்பிட வந்த மூன்று பேரிடம் என் போனைக் கொடுத்து, "இன்னைக்கு என்ன குழம்புன்னு இதுல பாருங்க" என்றேன். அக்கா பக்கத்திலேயே நின்றார். மூன்று பேருமே படத்தை விரலால் தள்ளிவிட்டுக் கீழே போனார்கள். அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவுகளை யாரும் தள்ள வேண்டாம் தாயி. கீழ வச்சுரு" என்றார். குழம்பு மேலே போனது. அண்ணன் இந்த மெஸ்ஸை ஆரம்பித்த கதையும், அவர் சிரிக்கிற படமும் கீழே வந்தன. மாலை போட்ட படத்தை அக்காவே வேண்டாம் என்றுவிட்டார்.

அடுத்தது தையல் கடை. அங்கே 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டேன். முதல் வேலைக்கு மேல் இலவசம் கூடாது என்பது என் கட்சி. மூன்றாவது, எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்ட் நேர அட்டவணை. யாரும் கேட்கவில்லை, நானாகச் செய்தேன். அதில், 'இது பயிற்சிக்காகச் செய்தது' என்று மேலேயே எழுதிவிட்டேன். செய்யாத வாடிக்கையாளரைச் செய்ததாகக் காட்டினால் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வோம்.

மூன்றையும் கிட்ஹப் பேஜஸில் இலவசமாக ஏற்றினேன். ஒவ்வொன்றின் கீழும் யாருக்காக, என்ன சிக்கல், என்ன செய்தேன் என்று நாலு வரி. மெஸ் பக்கத்துக்கு மட்டும் முதல் வடிவத்தையும் கடைசி வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

மதுரையில் ஒரு சின்ன நிறுவனம் கூப்பிட்டது. அவர்கள் அதிக நேரம் பேசியது அந்த இரண்டு படங்களைப் பற்றித்தான். படம் ஏன் கீழே போனது, அக்காவை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள் என்றார்கள். "நான் சம்மதிக்க வைக்கல சார், அவங்களே பார்த்தாங்க" என்றேன். எத்தனை வருஷ அனுபவம் என்று கேட்கவே இல்லை. மூன்று மாதம் தற்காலிகம், பிறகு நிரந்தரம் என்று பேச்சு. இப்போது இரண்டாவது மாதம் ஓடுகிறது.

நேற்று ஆபீஸ் மீட்டிங் நடுவில் அக்காவிடமிருந்து போன். "தாயி, கருவாடு கிடைக்கல. புதன்கிழமைக் குழம்பை மாத்திரு." மதியத்துக்குள் மாற்றிவிட்டேன்.