விற்பவர் கையிலும் ஓர் அளவுகோல்

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், நிபோங் திபாலை அடுத்து அமைந்துள்ளது பைராம் தோட்டம். கரும்பும், அதன்பின் இரப்பரும், அதன்பின் செம்பனையும் மாறி மாறி வளர்ந்த அவ்வட்டாரத்து மண்ணில் தமிழர் தலைமுறை தலைமுறையாய் உழைத்து வாழ்ந்துள்ளனர். மண்ணில் பயிர் மாறியது போலவே தோட்டப்புற வீடுகளில் விளக்கும் மாறியது. மண்ணெண்ணெய் விளக்கை அடுத்துத் தோட்ட நிர்வாகத்தின் மின்னாக்கி வந்தது. அதனை அடுத்து நாட்டின் பொது மின்கம்பி வந்தது.

மின்னாக்கிக் காலத்தை மறவாத மூதாட்டி ஒருவரை அத்தோட்டத்தில் வைத்து எண்ணிப் பார்ப்போம். அந்நாளில் தோட்டங்கள் பலவற்றில் மாலைப் பொழுதில் சில மணி நேரம் மட்டுமே வெளிச்சம் கிட்டும். மின்னாக்கி ஓய்ந்ததும் லயத்து வீடுகள் யாவும் ஒருசேர இருண்டுவிடும். அதற்குள் சமைத்தாக வேண்டும். பிள்ளைகளுக்குச் சோறிட்டாக வேண்டும். மறுநாள் மரம் சீவுவதற்குக் கத்தியைத் தீட்டியாக வேண்டும். வீட்டுப்பாடம் முடியாத பிள்ளைக்கு மண்ணெண்ணெய் விளக்கை ஏற்ற வேண்டும்; அதற்குத் தனியே காசு வேண்டும். இவ்வாறு வாழ்ந்த அம்மூதாட்டி, இன்று அறையை விட்டு வெளியே வரும்போதெல்லாம் விசிறியை நிறுத்திவிட்டே வருகிறார். சிக்கனம் அவருக்கு யாரும் கற்பித்த பாடமன்று. வாழ்க்கை பழக்கிய பழக்கம்.

ஒருநாள் அவருடைய பேரன், ‘மின்சாரத்தைச் சேமிப்போம்’ என்னும் கட்டுரைத் தலைப்புடன் பள்ளியிலிருந்து வருகிறான். எழுதிக்கொண்டிருந்தவன் இடையில் தலை நிமிர்ந்து, “பாட்டி, கரண்டை விக்கிறவங்களே அதைக் குறைச்சு வாங்குங்கன்னு சொல்வாங்களா?” என்று வினவுகிறான்.

பாட்டி சிரிக்கிறார். “கடைக்காரர் சீனியைக் குறைச்சு வாங்குன்னு எங்கேயாவது சொல்லுவாரா, தம்பி?”

பிள்ளையின் வினாவும் பாட்டியின் எதிர்வினாவும் எளியவை. ஆயினும் மின்சாரமும் எரிவாயுவும் விற்கும் நிறுவனங்களை அரசுகள் எவ்வாறு நெறிப்படுத்த வேண்டும் என்னும் பெரிய சிக்கலின் ஆணிவேர் அவற்றில்தான் இருக்கின்றது.

மலாயாவில் மின்னொளி தோன்றிய வரலாற்றில் தமிழருக்கும் பங்குண்டு. 1894ஆம் ஆண்டில் ராவாங் ஈய லம்பத்தில் மின்னாக்கியை நிறுவியவர்கள் தம்புசாமிப் பிள்ளையும் லோக் யூவும் ஆவர். ஜார்ஜ்டவுன் நகராட்சி நெடுங்காலம் தன் சொந்த மின்பகுதியையே நடத்தி வந்தது. 1949இல் மத்திய மின்சார வாரியம் பிறந்தது. 1965இல் அது தேசிய மின்சார வாரியமெனப் பெயர் பெற்றது. 1976இல் ஜார்ஜ்டவுனின் மின்பகுதியையும் ஏற்றுக்கொண்டது. 1990இல் அதன் பணிகள் தெனாகா நேஷனல் நிறுவனத்திற்கு மாறின. இந்நெடும் பயணத்தில் வெற்றியை அளந்த கோல் ஒன்றே: எத்தனை வீட்டிற்குக் கம்பி இழுக்கப்பட்டது? எத்தனை அலகு விற்கப்பட்டது? இருளில் இருந்த நாட்டிற்கு அக்கோல் பொருத்தமானதே. லயத்து வீட்டிற்கும் ஒளி வந்தது அதனாலன்றோ!

1992 செப்டம்பர் 29ஆம் நாள் தீபகற்ப மலேசியா முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. இனிப் பற்றாக்குறை கூடாது என்னும் அச்சம் எழுந்தது. தனியார் மின்நிலையங்களுக்கு உரிமங்கள் வழங்கப்பட்டன; நீண்ட கால ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. இத்தகைய ஒப்பந்தங்களில், உற்பத்தியாகும் மின்சாரத்திற்கு மட்டுமன்றி, நிலையம் ஆயத்தமாக நிற்பதற்கும் ஒரு தொகை தரப்படுவது வழக்கம். வேண்டியதற்கு மேல் நிலையம் கட்டினால், ஓடாத நிலையத்தின் செலவும் கட்டணத்தின் வழியே மக்கள் மீதுதான் இறங்கும். விசிறியை நிறுத்திவிட்டு வரும் பாட்டியும் அச்சுமையில் பங்கு கொள்கிறார்.

இதனை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். ஒரு வீட்டில் 60 வாட் குண்டு விளக்குகள் இரண்டு நாளும் ஐந்து மணி நேரம் எரிந்தால், 30 நாளில் 18 அலகு செலவாகும். ஓர் அலகு என்பது ஒரு கிலோவாட் மணி. ஏறத்தாழ அதே வெளிச்சம் தரும் 9 வாட் எல்.இ.டி. விளக்குகளைப் பொருத்தினால் 2.7 அலகு போதும். மிச்சம் 15.3 அலகு. 2025 ஜூன் வரை முதல் 200 அலகுகளுக்கு நடப்பிலிருந்த 21.80 சென் கட்டணப்படி, வீட்டிற்கு மாதம் 3 வெள்ளி 34 சென் இலாபம். ஆனால் விற்பவர் கணக்கேட்டில் அதே தொகை வருவாய்க் குறைவாகப் பதிவாகும். ஒரே செயல் ஒரு பக்கத்தில் வரவாகவும் மறு பக்கத்தில் இழப்பாகவும் நிற்குமாயின், விற்பவர் அதனை மனமுவந்து வளர்ப்பாரென எதிர்பார்த்தல் தகுமா? அவரைக் குறைகூறிப் பயனில்லை. கணக்கையே மாற்றி அமைத்தல் வேண்டும்.

அவ்வாறு மாற்றி அமைத்த நாடுகளும் உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1978இல் எரிவாயு நிறுவனங்களுக்கும் 1982இல் மின்நிறுவனங்களுக்கும் ஒரு புதிய முறையை வகுத்தது. நிறுவனம் ஈட்டத்தக்க வருவாய் இவ்வளவென முன்னரே வரையறுக்கப்படும். விற்பனை மிகுந்து வருவாய் கூடினால், கூடுதலை மக்களுக்குத் திருப்பித் தர வேண்டும். விற்பனை குறைந்து வருவாய் சுருங்கினால், பின்வரும் கட்டணத்தில் அக்குறை ஈடு செய்யப்படும். மிகுதியாக விற்பதில் ஆசையும் குறைவாக விற்பதில் அச்சமும் இவ்வாறு நீங்கின. 1992இல் இயற்றப்பட்ட அந்நாட்டு எரிசக்திக் கொள்கைச் சட்டமும், புதிய நிலையத்தின் செலவையும் சேமிப்பின் செலவையும் ஒரே தராசில் நிறுத்தித் திட்டமிடும் முறையை ஆய்ந்து பார்க்குமாறு மாநில ஒழுங்குமுறை அமைப்புகளைப் பணித்தது. அத்தராசில் சேமிப்பு மலிவாயின், அதனையே முதலில் ‘வாங்க’ வேண்டும் என்பது கருத்து.

மலேசியாவும் வாளாவிருக்கவில்லை. மின்சாரம், எரிவாயு ஆகிய இரண்டின் வழங்கலையும் கண்காணிக்க 2001ஆம் ஆண்டுச் சட்டத்தால் எரிசக்தி ஆணையம் அமைந்தது. ஆறு மாதத்தில் 30 இலட்சம் அலகும் அதற்கு மேலும் மின்சாரம் பயன்படுத்தும் நிறுவனங்கள் மேலாளர் ஒருவரை அமர்த்த வேண்டுமென 2008ஆம் ஆண்டு விதிகள் கட்டளையிட்டன. அவ்விதிகள் மின்சாரத்தை மட்டுமே தழுவின. எரிவாயுவும் பிற எரிபொருள்களும் விலகி நின்றன. 2025 ஜனவரி முதல் நாளன்று நடப்புக்கு வந்த எரிசக்தித் திறன் மற்றும் சேமிப்புச் சட்டம் அக்குறையைத் தீர்த்தது. ஆண்டுக்கு 21,600 கீகாஜூல் அளவை எட்டும் பெரும் பயனீட்டாளர் மேலாளரை நியமிக்கவும் தணிக்கை செய்யவும் கடமைப்பட்டுள்ளனர். அந்த அளவு 60 இலட்சம் அலகு மின்சாரத்திற்குச் சமம்; மாதம் 200 அலகு செலவிடும் வீடுகள் 2,500 சேர்ந்தால்தான் அதனை எட்டும். சிக்கன அறிவுரையை லயத்து வீட்டோடு நிறுத்திவிடாமல் ஆலைகளின் வாயிலுக்கும் கொண்டு சென்றது இச்சட்டத்தின் சிறப்பாகும். 2025 ஜூலையில் வந்த புதிய கட்டண முறையோ, மாதம் 1,000 அலகைத் தாண்டாத வீடுகளுக்குச் சலுகை அளித்தது. குறைவாகச் செலவிடுவோருக்கு அலகொன்றுக்குக் கூடுதல் தள்ளுபடி கிட்டுகிறது.

இவை யாவும் பாராட்டத்தக்கவையே. எனினும் இவை வாங்குபவரை நோக்கியே பேசுகின்றன. விற்பவர் ஆண்டுதோறும் இத்தனை அலகைச் சேமித்துக் காட்ட வேண்டும் என்னும் கடமையை 2024ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கவில்லை. அதற்குரிய இடம் இல்லாமலும் இல்லை. கட்டணத்தை வரையறுக்கும் இன்றைய முறையில், மின்நிறுவனத்தின் செலவுத் திட்டங்களை மூன்றாண்டுக் காலத்திற்கென எரிசக்தி ஆணையம் ஆராய்கிறது. ‘எத்தனை கம்பி, எத்தனை துணைநிலையம்’ என வினவும் அதே மேசையில், ‘எத்தனை அலகு சேமித்துத் தருவீர்?’ என்னும் வினாவும் எழுந்து, நிறைவேற்றினால் ஊதியமும் தவறினால் தண்டமும் உண்டென்று விதித்தால், பேரனின் ஐயத்திற்கு விடை கிடைத்துவிடும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. செபராங் பிறையில் ஆயிரம் மெகாவாட்டுக்கு மேற்பட்ட எரிவாயு மின்நிலையம் ஒன்று 2016இல் இயங்கத் தொடங்கியது. இத்தகைய நிலையம் ஒன்று வேண்டுமா, வேண்டாவா என்பதை அறையில் விசிறியை நிறுத்தும் கை முடிவு செய்வதில்லை. திட்டம் வரைவோர் கையே முடிவு செய்கிறது. அக்கையில் அளவுகோல் இல்லையெனில், ஆயிரம் பாட்டிமார் சேர்த்த மிச்சமும் காணாமற் போகும்.

‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பது நம் முன்னோர் மொழி. போடுகிறவருக்குச் சொன்ன மொழி அது. பைராம் தோட்டத்து மூதாட்டி அதனை அறுபது ஆண்டாகக் கடைப்பிடித்து வருகிறார். இனி, ஆற்றையே விலைக்கு விற்பவரும் அதனைக் கடைப்பிடிக்கும் நாள் வர வேண்டும். அந்நாளில் பேரன் தன் கட்டுரையின் இறுதி வரியை ஐயமின்றி எழுதி முடிப்பான்.