கறுப்பு இல்லாத பேலட்

கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்த ஓவியர் ஒருவரின் பட்டறைக்குப் போயிருந்தேன். வடக்குப் பார்த்த ஜன்னல். அந்த வெளிச்சம் சீக்கிரம் மாறாதாம். ஜன்னலோரம் முக்காலியில் மாடலாக அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா. எதிரே ஓவியத் தாங்கிகளின் முன்னால் இரண்டு இளைஞர்கள்.

அதே கல்லூரியில் படித்தவர்தான் செம்பியவரம்பல் கிராமத்து ஓவியர் இளையராஜா. விகடனில் கதைகளுக்கு வரைந்தவர். ‘திராவிடப் பெண்கள்’ வரிசையால் பெயர் பெற்றவர். 2021 ஜூனில், நாற்பதைத் தாண்டிய சில வருடங்களிலேயே, கொரோனா அவரைக் கொண்டுபோனது. அவர் படங்களைப் பார்த்தவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: “போட்டோ மாதிரியே இருக்கு!” அந்தப் பாராட்டு எனக்கு எப்போதும் உறுத்தும். அதனால்தான் இந்தப் பட்டறைக்குப் போனேன்.

பேலட்டில் கறுப்பையே காணோம். கேட்டதற்கு, “கறுப்பைத் தொட்டா தோல் செத்துடுங்க” என்றார் ஓவியர். பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் அல்ட்ராமரீன் நீலமும் சேர்ந்தால் கிட்டத்தட்டக் கறுப்புதான். ஆனால் ஒன்றைக் கூட்டினால் சூடு, மற்றதைக் கூட்டினால் குளிர்ச்சி. அந்த அம்மாவின் நெற்றிமேட்டில் வானத்தின் நீலம் மினுங்கியது. தாடைக்கு அடியில் மஞ்சள் புடவையின் சாயல். கேமரா பல நேரம் தவறவிடும் சாயல்கள் இவை. கைக்குத்தான் இந்தக் கணக்கெல்லாம் தெரிகிறது.

எண்ணெய் வண்ணம் பொறுமையைச் சோதிக்கும். லின்சீட் எண்ணெய் தண்ணீரைப்போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. அம்பர் என்ற பழுப்பு வண்ணத்தில் மாங்கனீசு இருப்பதால் அது சீக்கிரம் காயும், ஆகவே அடிப்பூச்சுக்கு அது. மேலே போகப் போக எண்ணெயைக் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் பின்னாளில் வெடிப்பு விடும்.

இடைவேளையில் டீ வந்தது. “நடவு நட்டப்பக்கூட இடுப்பு இப்டி நோவல தம்பி” என்று அந்த அம்மா முதுகை நிமிர்த்தினார். சும்மா உட்கார்வதற்கா கூலி என்று நினைப்பவர்கள் அரைமணி நேரம் அசையாமல் இருந்து பார்க்கட்டும்.

நடவு என்றதும் என் பழைய குறை ஞாபகம் வந்தது. இளையராஜாவின் பெண்கள் திண்ணையில் சாய்கிறார்கள், ஜன்னல் வழியே பார்க்கிறார்கள், அடுப்படி வெளிச்சத்தில் நிற்கிறார்கள். சேற்றில் இறங்குபவர்கள் குறைவு. கொஞ்சம் அழகுபடுத்திய கிராமம்தான். ஆனாலும் 1894இல் ரவிவர்மா அச்சகம் தொடங்கிய காலம் முதல் நம் வீட்டுச் சுவர்களில் பெரும்பாலும் வெளுத்த முகங்கள்தானே தொங்கின? தேவியானாலும் சரி, காலண்டர் பெண்ணானாலும் சரி. அந்தச் சுவரில் மாநிறப் பெண்ணை, அவள் நிறத்தை ஒரு பிடிகூட வெளுக்காமல், வெளிச்சத்தின் நடுவே நிறுத்தியவர் அவர். இதற்கு முன்னால் என் குறை சின்னது.

செல்போன் திரையில் இளையராஜாவின் படங்களைப் பார்த்துவிட்டு ‘போட்டோ மாதிரி’ என்று நகர்ந்துவிடாதீர்கள். யதார்த்த ஓவியக் கண்காட்சி எங்கே நடந்தாலும் போங்கள். முதலில் பத்தடி தள்ளி நில்லுங்கள், பிறகு ஓரடிக்குக் கிட்டே போய்க் கன்னத்தில் எத்தனை நிறம் இருக்கிறது என்று எண்ணுங்கள்.