விரால் குறிப்புகள்

விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. தலைக்குள் உள்ள காற்றறைகளை நிரப்ப அது அடிக்கடி மேலே வந்தாக வேண்டும். வரவிடாமல் வலையோடு அமுக்கி வைத்தால் தண்ணீருக்குள்ளேயே செத்துவிடும். தூண்டில்காரருக்கு அதன் இடத்தைக் காட்டிக்கொடுப்பதும் இந்த மூச்சுதான். கெண்டை துள்ளினால் தண்ணீர் சிதறும். விரால் வந்தால் 'பொளக்' என்று ஒரு சத்தம், அல்லி இலைகளுக்கு நடுவே ஒரு வளையம், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் பேசாமல் கரையில் நின்று இதைக் கேட்காதவர் என்ன இரை போட்டும் பயனில்லை.

விராலைத் தேட வேண்டியது மடையோரம், ஆகாயத்தாமரையின் விளிம்பு, கருவேலமரம் நீருக்குள் சாய்ந்து கிடக்கும் இடம். முழங்கால் ஆழத்திலேயே பெரிய மீன் கிடக்கும்.

உயிர்த்தவளையை முதுகுத்தோலில் கோத்து, மூங்கில் கழியின் நுனியால் இலைமேல் குதிக்கவிடுவது பழைய முறை. இப்போது ரப்பர் தவளை வந்துவிட்டது. உள்ளே வெற்றுக்கூடு, இரண்டு முள்ளும் மேல்நோக்கி முதுகோடு ஒட்டிக் கிடப்பதால் பாசியில் மாட்டாது. மீன் கவ்வியதும் கூடு அமுங்கி முள் வெளியே வரும். தவளையைக் கொல்லாமல் விடுகிறது என்பதற்காகவே எனக்கு இது பிடிக்கும்.

கடினமான பகுதி, பொறுப்பது. தண்ணீர் வெடித்ததும் கை தானாக இழுக்கப் பார்க்கும். இழுத்தால் தவளை மட்டும்தான் பறந்து வரும். நூலில் கனம் தெரிந்த பிறகே சுண்ட வேண்டும். அதன்பின் தளரவே விடக்கூடாது. பாசிக்குள் நுழைந்தால் தண்டுகளில் நூலைச் சுற்றிவிடும். மெல்லிய நைலான் நரம்பு தாங்காது, பின்னல் நூல்தான்.

கோடையில் கண்மாய் வற்றும்போது புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் ஊரே ஊத்தாவோடு இறங்கும். அடியில்லாத கூடையைச் சேற்றில் குத்தி, உள்ளே மோதுகிறதா என்று கையால் உணர்ந்து, மேல்வாய் வழியே துழாவிப் பிடிப்பது. இரை, முள் எதுவும் வேண்டாம்.

மழைக்குப் பிறகு குஞ்சுக்கூட்டம் குங்குமம் கரைத்ததுபோல் நீர்மேல் நகரும். அடியில் தாயோ தகப்பனோ காவல். அந்தக் கூட்டத்தின்மேல் தவளையை வீசினால் அடி நிச்சயம். பசியால் அல்ல, குஞ்சுகளைக் காக்க. இருப்பதிலேயே எளிய வழி இது, செய்யவே கூடாத வழியும் இதுதான். பிடித்துவிட்டு விட்டுவிடுகிறோம் என்கிறார்கள் சிலர். இழுத்து, முள் கழற்றி, படம் எடுத்து முடிப்பதற்குள் மற்ற மீன்கள் குஞ்சுகளில் பாதியைத் தின்றிருக்கும். செந்நிறம் கண்டால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வேறு கரைக்குப் போய்விட வேண்டும்.

விராலுக்குச் சொன்னது வாளைக்குப் பொருந்தாது, அது வேறு சாதி. ஆற்று மடுக்களில் கிடக்கும், இரவில் வேட்டையாடும். மேலே ஆட்டம் காட்டிப் பயனில்லை. ஈயம் கட்டி, சிறுமீனை அடியில் இறக்க வேண்டும். வாய் கண்ணையும் தாண்டிப் பிளந்திருக்கும், உள்ளே வரிசையாகக் கூர்ப்பற்கள். முள்ளுக்கு மேலே ஒரு சாண் கம்பி இல்லாவிட்டால் நரம்பை அறுத்துக்கொண்டு போகும். கரையேற்றியதும் விரலை வாய்க்குள் விடக்கூடாது, இடுக்கிதான்.