தங்கம் போச்சு... ஹால் இருக்கு!

கே.ஜி.எஃப்.னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? 2018-ல் வந்த படமும் அந்தத் தாடி ஹீரோவும்தானே? நானும் உங்க கட்சிதான். ஆனா, என் ஹாஸ்டல் ரூம்மேட்டுக்கு அது சொந்த ஊர். ''வாடா, நிஜ கே.ஜி.எஃப்.பைக் காட்டுறேன்''னு பொங்கல் லீவுல இழுத்துட்டுப் போனான்.

பங்காருப்பேட்டையில் இறங்கி மாரிக்குப்பம் ரயிலைப் பிடிக்கணும். ஜன்னல் வழியா சாம்பல் நிறத்துல குன்று குன்றா தெரிஞ்சுது. ''செம மலைடா!''ன்னேன். ''மலை இல்லடா, தங்கத்தைப் பிரிச்சுட்டுக் கொட்டின மண்ணு. சயனைடு மேடு''ன்னு சிரிச்சான்.

1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி தோண்ட ஆரம்பிச்ச இடம் இது. மூணு கிலோ மீட்டருக்கும் மேல ஆழம் போயிருக்காங்க. வட ஆற்காடு, சேலம் பக்கத்துல இருந்து போன நம்ம ஜனங்கதான் உள்ளே இறங்கினவங்கள்ல பெரும்பாலானவங்க. 1902-லேயே சிவசமுத்திரத்துல இருந்து கரன்ட் வந்துடுச்சு. பெங்களூருக்கு 1905-ல்தான்! எல்லாம் 2001 பிப்ரவரி 28-ம் தேதியோட முடிஞ்சுது. சுரங்கத்தை மூடிட்டாங்க. இப்போ நிறையப் பேர் விடியற்காலை ரயில்ல பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டினப்புறம் திரும்புறாங்க.

அப்போ ஊர் எங்கே கூடும்? நண்பனோட 'லைன்' (தொழிலாளர் குடியிருப்பை அப்படித்தான் சொல்றாங்க) நடுவுல இருக்கிற ஹால்லதான். தகரக் கூரை, சுவர்ல அம்பேத்கர் படம், மூலையில ஒரு கேரம் போர்டு. காலையில தாத்தாக்கள் பேப்பர் படிப்பாங்க. வேண்டியப்போ நிச்சயதார்த்தம், வேண்டாதப்போ துக்கம். ராத்திரி எட்டு மணிக்கு டியூஷன். பெங்களூரு வேலை முடிஞ்சு ரயில்ல வந்து இறங்கின அண்ணன் ஒருத்தர், முகத்தைக் கழுவிட்டு நேரா வந்து கணக்கு சொல்லித் தர்றார். ஃபீஸ் கிடையாது!

அன்னிக்கு என்னையும் போர்டு முன்னால நிறுத்திட்டாங்க. இன்ஜினீயரிங்னா சும்மாவா! பத்தாவது படிக்கிற பொண்ணு ஒண்ணு, ''அண்ணா, சுரங்கத்துல தண்ணி நிரம்பிடுச்சே... வெளியே எடுக்க எவ்வளவு கரன்ட் ஆகும்?''னு கேட்டா பாருங்க... கொஞ்சம் வேர்த்துடுச்சு. எம்.ஜி.ஹெச். போட்டோம். ஆயிரம் லிட்டரை மூணு கிலோ மீட்டர் மேல தூக்கவே எட்டு யூனிட்!

கடைசி பெஞ்ச்சுல பேப்பரோட இருந்த தாத்தா எழுந்து வந்தார். ''ஒரே தூக்குல வராது தம்பி. படிப்படியா தொட்டி கட்டி, பம்ப் வெச்சு ஏத்துவோம். பாதிக் கரன்ட் வழியிலயே போயிடும்''னு சொல்லி, சாக்பீஸை வாங்கிப் படமே போட்டுட்டார். முப்பது வருஷம் உள்ளே இறங்கினவராம். பசங்க நோட்டுல வரைஞ்சுக்கிட்டாங்க. கடைசியில அந்தப் பொண்ணு கேட்டா... ''அப்போ சுரங்கத்தைத் திரும்பத் திறக்க மாட்டாங்களா தாத்தா?''

அவர் சாக்பீஸைக் கீழே வெச்சுட்டு, ''நீ அடுத்த கணக்கைப் போடும்மா''ன்னார்.

இதே சுரங்கத்தோட ஆழத்துலதான் 1965-ல் நம்ம விஞ்ஞானிகள் நியூட்ரினோவைப் பதிவு செஞ்சாங்க. அதை அன்னிக்கு நான் சொன்னதும் ஹால்ல ஒரே கைதட்டல். அதிகமா தட்டினது யார் தெரியுமா? தாத்தாதான்!

அடுத்த லீவுக்கு ஊட்டி, கொடைக்கானல்னு பிளான் போடுறீங்களா பாஸ்? ஒரு தடவை மாரிக்குப்பம் ரயில்லயும் ஏறிப் பாருங்க. போறப்போ உங்க பழைய கணக்குப் புத்தகத்தை மறக்காம எடுத்துட்டுப் போங்க. எட்டு மணிக்கு போர்டு ரெடியா இருக்கும்!