வண்டியிலே ஒரு வண்டு

எமது மோட்டார் வண்டியில் ஒரு வண்டு வாழ்ந்துவந்தது. திறப்பைத் திருகி இயந்திரத்தை முடுக்கியதும் அது விழித்துக்கொள்ளும். மெல்ல ஓட்டினால் மெல்ல முரலும். வேகம் கூடினால் அதன் குரலும் உச்சத்துக்கு ஏறும். இயந்திரத்தை நிறுத்திய அக்கணமே உறங்கிவிடும். வண்டி வைத்திருக்கும் நேயர்கள் சிலர் இதற்குள் நகைத்திருப்பர். அவர்களுக்கு இந்த வண்டு பழக்கமானதே.

செய்தி கேட்பது மட்டுமே எமது தேவையாயிருந்தால் இம்முரற்சியைப் பொறுத்துக்கொண்டிருப்போம். காரியம் வேறு. எமது தந்தையார் திண்ணையிலிருந்து தேவாரம் பாடியதை ஒருநாள் கசற் நாடாவில் பதிந்து வைத்திருந்தோம். அவர் மறைந்தபின் எஞ்சிய குரல் அது ஒன்றே. நாடா நைந்துபோகுமுன் மகன் அதனைக் கைத்தொலைபேசிக்கு மாற்றினான். மாதம் ஒருமுறை அம்மாவைப் பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் கண் வைத்தியரிடம் அழைத்துச் செல்வோம். வழியில் அதைக் கேட்பிக்கவேண்டும் என்பது எமது ஆசை. அம்மாவுக்குக் காது சற்று மந்தம். ஆதலால் அம்பிளிபயர் எனப்படும் விரியலாக்கி ஒன்றை வண்டியின் டிக்கியில் பூட்டுவித்தோம். வண்டு பிறந்தது அன்றே. முதற் பயணத்தில் அம்மா கோப்பாய் வரை பொறுமையோடு கேட்டார். பின்பு, "நிப்பாட்டு மோனை. கொப்பரை இந்த இரைச்சலுக்குள்ளை கேக்க எனக்குச் சரிவரேல்லை" என்றார்.

பௌதிகம் கற்பிக்கும் எமக்கு இது பெருத்த வெட்கமாயிற்று. மின்பிறப்பாக்கி பழுது என்று தீர்ப்பளித்தோம். சோதித்தவர் பழுதில்லை என்றார். வடிகட்டி ஒன்றை வாங்கி வானொலியின் மின்கம்பியில் இணைத்தோம். பணம் போயிற்று, வண்டு போகவில்லை. நோயை அறியுமுன் மருந்து வாங்கிய கதைதான்.

வண்டியின் பிறப்பாக்கி தருவது ஆடலோட்டம். ஆறு இருவாயிகள் அதனை நேரோட்டமாக்கிப் பற்றறிக்கு அனுப்புகின்றன. ஆயினும் அது முற்றும் சமதளமான ஓட்டமன்று; குளத்து நீரில் காற்றடித்தாற்போலச் சிற்றலைகள் அதன்மேல் எஞ்சிநிற்கும். பன்னிரு முனைவுகள் கொண்ட மூவவத்தைப் பிறப்பாக்கி நிமிடத்துக்கு 2,000 முறை சுழன்றால் செக்கனுக்கு 1,200 சிற்றலைகள்; 6,000 முறை சுழன்றால் 3,600. மனிதச் செவி மிகக் கூர்மையாயிருக்கும் இடமும் அதுவே. வேகத்தோடு வண்டின் குரல் ஏறுவதன் காரணம் இதுதான்.

சிற்றலை எல்லா வண்டியிலும் உண்டு. அது பாட்டுக்குள் நுழையும் வாயில் எது என்பதன்றோ கேள்வி? வண்டியில் 'புவி' என்று நாம் சொல்வது உடலின் இரும்புத் தகட்டையே. இறப்பர்ச் சில்லில் நிற்கும் வண்டிக்கு உண்மையான புவி ஏது? (யாழ்ப்பாணத்தில் ஓடிய பழைய ஒஸ்ரின் ஏ-40 வண்டிகளில் பற்றறியின் நேர்முனையே உடலுடன் தொடுக்கப்பட்டிருந்தது. அவற்றுக்கு இக்கால வானொலியை யோசியாமல் பூட்டினால் புகைதான் மிஞ்சும்.) இரும்புக்கும் தடை உண்டு, வர்ணமும் கறளும் படிந்த மூட்டுக்கு இன்னும் அதிகம். 0.005 ஓம் தடையினூடே 20 அம்பியர் பாய்ந்தால் 0.1 வோல்ற்று வித்தியாசம் தோன்றும் என்பதை மாணவர் எவரும் பெருக்கிக் காண்பர். வானொலி முன்னால் ஓரிடத்தில் புவித்தொடுக்கப்பட்டிருக்கிறது. விரியலாக்கி பின்னால் வேறோரிடத்தில். இரண்டையும் இணைக்கும் பாட்டுக் கம்பியின் வெளியுறை, வண்டியின் உடலோடு சேர்ந்து ஒரு வளையமாகிவிடுகிறது. வித்தியாசம் இருக்கும்வரை அவ்வளையத்தில் ஓட்டம் பாயும். விரியலாக்கியோ வந்தது தேவாரமா, சிற்றலையா என்று பேதம் பாராமல் இரண்டையும் பெருக்கித் தருகிறது.

இதனை இருபது ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதியவர் நாம். வண்டிக்குள் தலையை நுழைத்ததும் மறந்துபோயிற்று.

ஒரு சனிக்கிழமை மகனோடு உட்கார்ந்தோம். வானொலியின் ஒலிக்குமிழைக் குறைத்தோம். பாட்டு அடங்கிற்று, வண்டு அடங்கவில்லை. ஆகவே அது நுழைவது குமிழுக்குப் பின்னால். விரியலாக்கியிலிருந்து பாட்டுக் கம்பிகளைப் பிடுங்கினோம், பூரண அமைதி. ஆகவே விரியலாக்கியில் குறையில்லை. பல்மானியின் ஒரு முனையை வானொலியின் உடலிலும் மறுமுனையை விரியலாக்கியின் மறைமுனையிலும் வைத்தபோது, விளக்குகள் எரியும் நிலையில் 90 மில்லிவோல்ற்று காட்டியது.

புவிக்கம்பியைத் தேடிச்சென்றோம். வர்ணத்தின் மேலேயே ஒரு திருகாணியால் அது முடுக்கப்பட்டிருந்தது. பூட்டியவரைக் குறைசொல்ல இயலாது. "சுரண்டித்தான் பூட்டவேணும் சேர்" என்று அவர் சொன்னபோது, வண்டியின் அழகு கெடும் என்று தடுத்தவர் நாமே. மகன் அதனை நினைவூட்டவில்லை. எம்மைப் பார்த்தான், அவ்வளவே.

பற்றறியின் மறைமுனையை முதலிற் கழற்றினோம். இரும்பு பளபளக்கும்வரை அரத்தாளால் தேய்த்தோம். மின்வழங்கும் கம்பியின் பருமனுள்ள, ஒரு முழத்திற்கும் குறைந்த கம்பியைப் பல்லுள்ள வாஷர் இட்டு முடுக்கி, கறள் பிடியாதபடி மேலே வசிலின் பூசினோம். பல்மானி 4 மில்லிவோல்ற்றுக்கு இறங்கியது. பெரிய வண்டு இறந்தது.

ஆனால் கைத்தொலைபேசியை இணைத்ததும் ஒரு குட்டி வண்டு முரன்றது. இது ஒலிக்குமிழோடு ஏறி இறங்கியது; ஆகவே நுழைவது குமிழுக்கு முன்னால். "சார்ஜரைக் கழற்றிப் பாருங்கோ அப்பா" என்றான் மகன். கழற்றினோம், மௌனம். சிகரெற் பற்றவைக்கும் துளையிலிருந்து சார்ஜர், சார்ஜரிலிருந்து தொலைபேசி, அங்கிருந்து வானொலி என்று இன்னொரு வளையம்! அறுக்க இயலாத வளையத்துக்குச் சிறு நிலைமாற்றி ஒன்றை இடையிற் பொருத்துவதும் உண்டு. 1831இல் பரடே கண்ட தூண்டலினால் பாட்டு கடந்துசெல்லும், கம்பித் தொடர்பு அறுபடும். எமக்கு அச்செலவு வேண்டியிருக்கவில்லை. தொலைபேசியை வீட்டிலேயே மின்னேற்றிக்கொண்டு புறப்பட்டால் போதும்.

அடுத்த மாதம் வல்லை வெளியைக் கடக்கும்போது ஒலியைத் தொடக்கினோம். தந்தையார் தொண்டையைச் செருமுவதும், அப்பால் ஒரு காகம் கரைவதும் கேட்டன. முதற் பதிகம் முடிந்து அவர் மூச்செடுத்த இடைவெளியில் மெல்லிய கிணுகிணுப்பு ஒன்று எழுந்தது. மீண்டும் ஏதோ பழுது என்று எண்ணி வண்டியை ஓரங்கட்டப் போனோம்.

"ஓடு மோனை, ஓடு" என்றார் அம்மா. "அது என்ரை காப்புச் சத்தம். தேத்தண்ணி கொண்டுவந்து வைச்சனான்."