பூவனா, ரஸ்தாளியா?

பீருக்கு ஒரு நோட்டா என்று சிரிக்காதவர்கள் குறைவு. குடியால் நொடித்த வீடுகள் நம் எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கம் தெருவுக்கு நாலு உண்டு என்பதால், சிரிக்காமல் முறைத்தவர்களும் உண்டு. அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆறு வருடத்தில் என் நோட்டில் 41 பதிவுகள்தான். எதுவும் கால் டம்ளரைத் தாண்டியதில்லை.

அநேகமாக எல்லாம் பெங்களூரில் எழுதியவை. மகள் அங்கே இருக்கிறாள். இந்திராநகரில் 2010இல் திறந்த டாய்ட் மாதிரி, கடையிலேயே பீர் காய்ச்சி அங்கேயே ஊற்றிக் கொடுக்கும் இடங்கள் அந்த ஊரில் நிறைய. குடும்பம் குடும்பமாக வந்து சாப்பிடுகிறார்கள். நம் டாஸ்மாக் வாசலை மனதில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டாம். கேட்டால் ஐந்தாறு சின்னக் கிளாஸ்களில் வகைக்குக் கொஞ்சம் ஊற்றி ஒரு பலகையில் வைத்துத் தருவார்கள். மருமகன்தான் முதலில் அழைத்துப் போனார். நான் சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்தேன். முப்பது வருடம் ஆய்வுக்கூடத்தில் தண்ணீர் சோதித்தவனுக்கு, கண்ணாடிக் குவளையைப் பார்த்தால் கை தானாகப் பேனாவைத் தேடும்.

தேதி, நிறம், நுரை, வாசனை, ருசி, விழுங்கியபின் நாக்கில் நிற்பது. இவ்வளவுதான் என் கட்டங்கள். அமெரிக்காவில் பீர் நடுவர்களுக்கான மதிப்பெண் தாள் ஒன்று உண்டு. மொத்தம் 50 மதிப்பெண்ணில் தோற்றத்துக்கு வெறும் 3, வாசனைக்கு 12. ருசிக்கு 20 என்றாலும் அதிலும் பாதி மூக்கின் வேலைதான். அதனால்தான் ஐஸ் மாதிரிக் குளிர்ந்ததை வாங்கியவுடன் எழுதக்கூடாது. குளிர் வாசனையை அமுக்கிவிடும்.

கஷ்டம் வார்த்தையில் வந்தது. அட்டையில் பைன் மரம், கிரேப்ஃப்ரூட் என்று அச்சடித்திருப்பார்கள். காட்டுப்பள்ளியில் எங்கே பைன் மரம்? பார்க்காத மரத்தின் வாசனையை எப்படி எழுதுவது? இங்கேதான் என் மனைவி உள்ளே வந்தாள். அவள் ஒரு சொட்டு குடிக்க மாட்டாள். எலுமிச்சை ஜூஸ் வைத்துக்கொண்டு கிளாஸை மட்டும் மோந்து பார்ப்பாள். பிறந்தது காட்டுப்பள்ளி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும், நடுவில் மணல். அந்த மணலில் தோண்டிய ஊற்றில் எது இனிப்பு, எது சப்பு, எது உவர்ப்பு என்று குடம் நிறையும் முன்பே சொல்கிறவர்கள் அந்த ஊர்ப் பெண்கள். இப்போது அதே ஊரில் 2010இலிருந்து கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இருக்கிறது. ஒரு நாளைக்குப் 10 கோடி லிட்டர். உப்பை முழுக்க வடித்த தண்ணீர் மொட்டையாக இருக்கும், திரும்பச் சுண்ணாம்புச் சத்து சேர்த்துத்தான் அனுப்ப வேண்டும். பீர் காய்ச்சுகிறவர்களும் இதையேதான் செய்கிறார்கள்: தண்ணீரை வடித்து, வேண்டிய வகைக்கு ஏற்ப ஜிப்சத்தையோ கால்சியம் குளோரைடையோ அளந்து போடுகிறார்கள்.

சரி, மனைவிக்கு வருவோம். ஹாப்ஸ் தூக்கலான பீரை மோந்துவிட்டு, "மாங்கா காம்ப ஒடிச்சா பால் வடியும்ல, அது" என்றாள். பிறகு படித்துப் பார்த்தேன். ஹாப்ஸிலும் மாங்காயிலும் மிர்சீன் என்ற ஒரே பொருள் இருக்கிறது! கோதுமை பீரில் வாழைப்பழ வாசனை வரும் என்று மருமகன் சொன்னபோது, "எந்தப் பழம்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. பத்து நிமிட விவாதத்துக்குப் பிறகு 'கனிந்த பூவன், கூட ஒரு கிராம்பு' என்று எழுதினோம். எனக்கு இன்றும் அது ரஸ்தாளி. உறவினர் வீட்டில் பச்சை பாட்டிலில் வெயில் பட்டுக் கெட்ட பீர் ஒன்று கிடைத்தது. வெள்ளைக்காரர்கள் இதை ஸ்கங்க் நாற்றம் என்பார்கள். அவள் சொன்னது, "சிலிண்டர் லீக்". அதுவும் சரிதான். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் உடைந்து உண்டாகும் கந்தகச் சேர்மமும், கசிவு தெரிவதற்காகச் சமையல் வாயுவில் கலக்கும் மெர்காப்டனும் ஒரே குடும்பம்.

2021 மே மாதம் இருவரும் காய்ச்சலில் படுத்தோம். என் மூக்கு மூன்று வாரத்தில் திரும்பியது. அவளுடையது வரவில்லை. காசிமேட்டில் செவுளைத் தூக்குமுன்பே மீனின் வயதைச் சொன்னவள், வஞ்சிரத்தை என் பக்கம் நீட்டி, "நீங்க பாத்துச் சொல்லுங்க" என்றாள். ஒரு நாள் பால் பொங்கி அடுப்பு அணைந்து, வாயு வீடெல்லாம் பரவியிருந்தது. நான் வெளியிலிருந்து வந்தபோது அவள் கூடத்தில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தாள். எண்ணூரில் 2023 டிசம்பர் 26 இரவு அமோனியா கசிந்தபோது பெரியகுப்பம் மக்கள் மூச்சுத் திணறி எழுந்து ஓடினார்கள். நம் பக்கத்தில் மூக்கு இல்லாமல் தூங்குவது லேசான காரியமில்லை.

காது மூக்கு டாக்டர் மருந்து எழுதவில்லை, பயிற்சி கொடுத்தார். ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு நான்கையும் காலையும் மாலையும் கொஞ்ச நேரம் நினைவுபடுத்திக்கொண்டு மோக்க வேண்டும். நாலு மருந்துக் குப்பிகளில் போட்டு ஜன்னலில் வைத்தோம். பெங்களூர் போகும்போதெல்லாம் கிளாஸை அவளிடம் கொடுப்பேன். 22ஆம் பதிவிலிருந்து 37 வரை அவள் கட்டத்தில் ஒரு கோடுதான்.

38ஆம் பதிவு, கோதுமை பீர். வழக்கம்போல மோந்தாள். வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். மறுபடி எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள்.

"கிராம்பு இருக்கு. பழம் வரல."

அப்படியே எழுதினேன். அதற்குப் பிறகு மூன்று பதிவுகள் ஆயின, பழம் இன்னும் வரவில்லை. கிராம்புக் குப்பியை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தினமும் ஒரு பூவன் பழம் வைக்கிறாள். சாயங்காலம் அதை நான்தான் சாப்பிடுகிறேன்.