ஒரே பெயர் கொண்ட இரண்டு நோயாளிகள்



செவிலியர் படிப்பில் சேரப் போகிறோம் என்று நாங்கள் இருவரும் வீட்டில் சொன்னபோது எழுந்த முதற்கேள்வி கட்டணத்தைப் பற்றியதன்று. இரவுப் பணியைப் பற்றியது. நாங்கள் அக்காள் தங்கை மக்கள். இராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊரொன்றில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். வளைகுடாவிலிருந்து வாப்பாமார் இருவரும் தொலைபேசியில் தயங்கினார்கள். ஆண் நோயாளிகளைத் தொட வேண்டியிருக்குமே என்று உறவினர் முணுமுணுத்தனர்.

மதரஸா உஸ்தாத் அவர்கள்தாம் ருஃபைதா (ரலி) அவர்களை நினைவூட்டினார்கள். மதீனாவின் பள்ளிவாசலில் கூடாரமடித்துக் காயம்பட்டோரைப் பராமரித்த பெண்மணி அவர். கி.பி. 627இல் நடந்த அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள் அக்கூடாரத்தில்தான் கவனிக்கப்பட்டார்கள். இருந்தும் முடிவை மாற்றியது உம்மம்மாவின் ஒரு சொல். "எங்க உம்மா பிள்ளைப்பேத்துல மௌத்தானப்ப பக்கத்துல விவரம் தெரிஞ்ச ஒருத்தி இல்லை. இதுக போயிப் படிக்கட்டும்" என்றார்கள். அதற்குமேல் எவரும் பேசவில்லை.

மதுரையில் நான்காண்டு பட்டப்படிப்பு. முதலாண்டில் விளக்கேற்றி உறுதிமொழி எடுத்தோம். படுக்கை விரிக்கவும் நாடி பார்க்கவும் கற்றோம். தலைத்துணியைப் பற்றிய பேச்சு வந்தது. அதைச் சட்டைக் கழுத்துக்குள் செருகிக்கொள்வது, நாள்தோறும் துவைத்து மாற்றுவது, நோயாளியைத் தொடுமுன் சட்டைக் கையை முழங்கைவரை மடித்துக் கை கழுவுவது என்று முடிவாயிற்று. நோய்த்தொற்றைத் தடுப்பதும் மார்க்கத்தைப் பேணுவதும் ஒன்றோடொன்று மோத வேண்டியதில்லை என்பதை அன்று அறிந்தோம்.

மூன்றாமாண்டில் நடந்ததைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

பெண்கள் பொது மருத்துவ வார்டில் இரவுப் பணி. விடியும் வேளை. பதினான்காம் படுக்கையிலும் பதினைந்தாம் படுக்கையிலும் ஒரே பெயர் கொண்ட இரண்டு மூதாட்டிகள். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் வைத்திருக்கும் பெயர் அது. முன்னவருக்குச் சர்க்கரை நோய். காலை உணவுக்கு முன் பத்து யூனிட் இன்சுலின் போட வேண்டும். பின்னவர் நிமோனியாக் காய்ச்சலுக்காகச் சேர்ந்தவர். அவருக்குச் சர்க்கரை நோயே இல்லை. எங்களுள் ஒருத்தி ஏட்டைப் படித்தாள். மற்றவள் மருந்தை எடுத்தாள். மருந்தையும் அளவையும் இருவரும் சரிபார்த்தோம். ஆளைச் சரிபார்க்கவில்லை. பெயரைச் சொல்லி "நீங்கதானேம்மா?" என்று கேட்டோம். பதினைந்தாம் படுக்கையிலிருந்தவர் அரைத்தூக்கத்தில் "ஆமாம்மா" என்றார். ஊசி போட்டுவிட்டோம்.

சற்று நேரத்தில் பக்கத்துப் படுக்கையிலிருந்து குரல் வந்தது. "எனக்கு இன்னும் ஊசி போடலையேம்மா?"

அந்த நொடியில் எங்கள் உடல் சில்லிட்டதை இன்றும் மறக்கவில்லை. எவரும் பார்த்திருக்கவில்லை. சர்க்கரை போட்ட பாலைக் குடிக்கக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாமா என்ற எண்ணம் எங்கள் இருவர் மனத்திலும் எழுந்தது. அதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரைக்கே பொருளில்லை. ஆனால் சாதாரண இன்சுலின் அரைமணி நேரத்தில் வேலை செய்யத் தொடங்கும். இரண்டு மூன்று மணி நேரத்தில் உச்சத்தை எட்டும். நாங்கள் பணி முடித்து விடுதியில் உறங்கும் நேரத்தில் அவர் நினைவிழந்து கிடக்கக்கூடும். ஓர் உயிர் எங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். பொறுப்புச் சிஸ்டரிடம் ஓடினோம்.

மருத்துவர் வந்தார். இனிப்புப் பால் கொடுக்கச் செய்து, குளுக்கோஸ் ஏற்றினார். அரைமணிக்கொரு முறை விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தோம். ஒரு கட்டத்தில் அளவு 62க்கு இறங்கியது. 70க்குக் கீழே போனாலே ஆபத்து. பணி முடிந்தும் நாங்கள் அகலவில்லை. நண்பகலில் அளவு நிலைபெற்ற பிறகே மூச்சு வந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

நடந்ததை அந்த மூதாட்டியிடமே சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அவருடைய மகன் கடுமையாகச் சினந்தார், அச்சினம் நியாயமானது. மூதாட்டியோ, "மறைக்காமச் சொன்னீங்களே, அது போதும்மா" என்றார். அந்த மன்னிப்பு எங்களைத் தேற்றியதைவிட மிகுதியாகச் சுட்டது. எழுத்தில் விளக்கம் கேட்கப்பட்டது; மூன்று வாரம் மருந்து கொடுக்கும் பணியிலிருந்து விலக்கப்பட்டோம். "யாருக்கும் தெரியாததை ஏன் சொன்னீர்கள்?" என்று கேட்ட தோழியரும் உண்டு.

அப்போதுதான் மாணவச் செவிலியர் சங்கத் தேர்தல் வந்தது. இந்தியாவில் 1929 முதல் இயங்கிவரும் சங்கம் அது. எங்களுள் ஒருத்தி செயலாளர் பொறுப்புக்கு முன்பே பெயர் கொடுத்திருந்தாள். திரும்பப் பெற்றுக்கொள்கிறோம் என்று ஆசிரியையிடம் சென்றோம். "தவறே செய்யாதவர்கள் வழிநடத்துவதென்றால் இந்த வளாகத்தில் எவரும் தேறமாட்டார்கள். செய்ததைச் சொல்லியே வாக்குக் கேளுங்கள்" என்றார். அவ்வாறே கேட்டோம், வென்றோம்.

பொறுப்பேற்றதும் செய்தவை சிறியனவே. "நீங்கள் இன்னாரா?" என்று கேட்காதீர்கள், "உங்கள் பெயர் என்ன?" என்று கேளுங்கள் என இளைய மாணவியருக்குக் கற்பித்தோம். முன்னதற்கு உறக்கத்திலிருப்பவரும் ஆம் என்பார். பின்னதற்கு அவரே பெயரைச் சொல்லியாக வேண்டும். பெயரோடு மருத்துவமனைப் பதிவெண்ணையும் ஒப்பிடச் செய்தோம். ஒரே பெயருடையோரின் ஏட்டில் சிவப்புத் தாள் ஒட்ட வார்டுச் சிஸ்டர் இசைந்தார். நூலிழையில் தப்பிய தவறுகளைப் பெயர் குறிப்பிடாமல் எழுதி வைக்க ஒரு குறிப்பேடு தொடங்கினோம். கல்லூரிக்கு அவப்பெயர் வரும் என்று சிலர் எதிர்த்தனர். தவறு எழுதப்படுவதால் வருவதன்று, எழுதப்படாமையால் மீண்டும் வருவது என்று வாதிட்டோம். குறிப்பேடு நிலைத்தது.

இறுதியாண்டில், ஷஅபான் மாதத்தில், ஊர் மதரஸாவில் பெண்களுக்காகச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கும் முகாம் நடத்தினோம். இன்சுலின் போடுவோர் நோன்புக்கு முன்பே மருத்துவரைக் கண்டு மருந்தின் நேரத்தையும் அளவையும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்றோம். நோன்பின்போது சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேலே ஏறினாலோ நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்று விளக்கினோம். விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதையும், நோயாளிக்கு இறைவன் அளித்த சலுகையை ஏற்பது குறையன்று என்பதையும் உஸ்தாத் எடுத்துரைத்தார்கள். பலர் முகத்தில் அன்று ஓர் அமைதியைக் கண்டோம்.

முதல் ஆளாக வந்து அமர்ந்தவர்கள் உம்மம்மா.

"உங்க பேரு என்ன?" என்று கேட்டோம்.

"என் பேரு உங்களுக்குத் தெரியாதாக்கும்?" என்று சிரித்தார்கள்.

"தெரியும் உம்மம்மா. ஆனாலும் நீங்களே சொல்லணும்."

சொன்னார்கள். எழுதிக்கொண்டோம்.

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பெண்பிள்ளை இத்துறைக்கு வர விரும்பினால் இரவுப் பணியை எண்ணி மட்டும் அஞ்சாதீர்கள். எவரும் பார்க்காத விடியற்பொழுதில் உண்மையைச் சொல்லும் துணிவை அவளுக்கு ஊட்டி அனுப்புங்கள். எங்கள் பிழையைப் பொறுத்து அந்த மூதாட்டியின் உயிரைக் காத்த இறைவன், எங்கள் கைகளை இனியும் காப்பானாக. ஆமீன்.